காத்து வைத்தவர்கள்

(ஜெர்மனியின் நாட்டுப்புறத்தில் குடும்பத்தோடு செய்த மோட்டார்ப் பயணம் குறித்துச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஜெர்மனி என்னும் பெயர் ரூர்கேலாவில் வாழும் நமக்குப் புதியதன்று. நம் உருக்காலை மேற்கு ஜெர்மனியின் துணையோடு எழுந்தது. 1959-ஆம் ஆண்டில் அன்றைய குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் அவர்கள் அதன் முதல் ஊதுலையைத் தொடங்கி வைத்தார். இங்கே அமர்ந்திருப்போருள் சிலருடைய தந்தையரும் பாட்டனாரும் ஜெர்மானியப் பொறியியலாளரோடு தோளோடு தோள் நின்று உழைத்தவர்கள். ஆயினும் நாம் அறிந்த ஜெர்மனி இயந்திரங்களின் ஜெர்மனியாகவே இருந்து வந்துள்ளது. சென்ற ஆண்டுக் கோடையில் நாங்கள் கண்டது வேறொரு ஜெர்மனி. வயல்களும் சிற்றூர்களும், ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த ஆலயங்களும், ஓய்ந்துபோன சுரங்கங்களும் நிறைந்த நாட்டுப்புறம் அது.

எங்கள் மகன் அந்நாட்டின் வடபகுதியில் உள்ள ஹானோவர் நகரில் பணிபுரிகிறான். அவனும் மருமகளும், 14 வயதுப் பேரனும் 9 வயதுப் பேத்தியும், நாங்கள் இருவருமாக அறுவர், வாடகைக் கார் ஒன்றில் ஐந்து நாள் சுற்றினோம். ஹார்ஸ் என்னும் மலைத்தொடரைச் சுற்றியும் ஊடறுத்தும் சென்று மீளும் வழி அது. மொத்தத் தொலைவு ஏறத்தாழ 550 கிலோமீட்டர்.

பார்த்தவற்றை எல்லாம் வரிசையாகச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டோம். ஒரு கருத்தை மட்டும் முன்வைக்க விரும்புகின்றோம். பழமை தானாக நிலைப்பதில்லை. யாரோ சிலர், ஏதோ ஒரு நாள், 'இதை அழிய விடலாகாது' என்று முடிவு செய்ததாலேயே அது நிலைக்கின்றது. அம்முடிவைச் செய்தவர்களுள் நம்மைப் போன்ற எளிய மக்கள் மிகப் பலர். இதனையே நாங்கள் ஊர்தோறும் கண்டோம்.

முதலில் சாலையைப் பற்றிச் சிறிது சொல்லுவோம். அந்நாட்டில் வண்டிகள் வலப்புறமாகச் செல்லும். 'ஆட்டோபான்' எனப்படும் பெருஞ்சாலையின் பல பகுதிகளில் வேக வரம்பு இல்லை. மணிக்கு 130 கிலோமீட்டர் என்பது அறிவுரை மட்டுமே. அவ்வழியே பறந்தால் எதையும் காண இயலாது என்றாள் மருமகள். ஆகவே இயன்றவரை சிற்றூர்ச் சாலைகளையே தேர்ந்தோம். வரலாற்றுச் சிறப்புடைய இடம் அருகில் இருப்பின், அதன் உருவம் வரைந்த பழுப்பு நிறப் பலகை வழியில் நிற்கும். அப்பலகைகளைக் கண்டு கூவுவதே பேத்தியின் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும் ஆதலால், புளியோதரையும் எலுமிச்சம்பழச் சோறும் எங்களோடு பயணம் செய்தன.

ஹானோவருக்குத் தெற்கே உள்ள ஹில்டெஸ்ஹைம் நகரில் முதலில் இறங்கினோம். அந்நகரின் பேராலயத்தில் இரண்டு வெண்கலக் கதவுகள் உள்ளன. பெர்ன்வார்ட் என்னும் ஆயர் 1015-ஆம் ஆண்டில் செய்வித்தவை அவை. ஒவ்வொன்றும் ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம் உடையது; ஒவ்வொன்றும் ஒரே வார்ப்பில் உருவானது. ஒரு கதவில் ஆதாம் ஏவாளின் கதையும், மறு கதவில் இயேசுநாதரின் வரலாறும் புடைப்புச் சிற்பங்களாக நிற்கின்றன. உலோகத்தை உருக்கி வாழும் ஊரிலிருந்து சென்ற நாங்கள், ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர் இத்துணைப் பெரிய கதவை ஒருமுறை ஊற்றியே வார்த்த அக்கொல்லர்களை எண்ணிக் கைகூப்பினோம்.

1945-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் வானிலிருந்து பொழிந்த குண்டுகளால் அந்நகரின் பழைய பகுதி எரிந்து சாம்பலாயிற்று. ஐரோப்பாவில் போர் முடிய ஏழு வாரம்கூட எஞ்சியிருக்கவில்லை. பேராலயமும் வீழ்ந்தது, ஆயினும் கதவுகள் முன்னரே அகற்றப்பட்டிருந்தமையால் பிழைத்தன. அருகிலுள்ள புனித மிக்கேல் ஆலயத்தின் மரக் கூரை ஓவியமும் அவ்வாறே பிழைத்தது. 1,300 மரத்துண்டுகளால் ஆன அவ்வோவியத்தைப் போர்க்காலத்திலேயே கழற்றிப் பாதுகாப்பான இடத்தில் வைத்திருந்தனர். பேராலயச் சுவரின்மேல் படர்ந்திருந்த பழைய ரோசாக்கொடி ஒன்றும் எரிந்தது. இடிபாட்டின் கீழ்க் கிடந்த அதன் வேரிலிருந்து அந்த ஆண்டே புதுத்தளிர் முளைத்ததாம். இன்றும் அது பூக்கின்றது.

அந்நகரின் சந்தைத் திடலில் இறைச்சி வணிகர் சங்கத்தின் மாளிகை ஒன்று நிற்கின்றது. 1529-இல் மரச்சட்டங்களால் எழுப்பிய அம்மாளிகையும் 1945-இல் எரிந்தது. போருக்குப்பின் அவ்விடத்தில் ஓர் ஓட்டல் எழுந்தது. நகர மக்கள் மறக்கவில்லை. ஓட்டலை அகற்றிவிட்டு, 1987 முதல் 1989 வரை அதே இடத்தில், பழைய வடிவிலேயே மாளிகையை மீண்டும் கட்டினர். "புதிதாகக் கட்டியது எப்படித் தாத்தா பழையதாகும்?" என்று பேரன் வினவினான். நல்ல வினா. மரம் புதியது, நினைவு பழையது. நாற்பது ஆண்டு கழிந்தும் ஓர் ஊர் தன் நினைவை விடாமல் பற்றியிருந்ததற்குச் சான்று அக்கட்டடம் என்று அவனுக்குச் சொன்னோம்.

அங்கிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேரப் பயணம் எங்களைக் கோஸ்லார் நகரில் சேர்த்தது. மலையடிவாரத்தில் அமைந்த அந்நகரின் செல்வத்திற்கு ஊற்றாக விளங்கியது ராம்மெல்ஸ்பெர்க் என்னும் குன்று. அங்கே சுரங்கத் தொழில் நடைபெற்றமைக்குக் கி.பி. 968-ஆம் ஆண்டிலிருந்தே எழுத்துச் சான்று உண்டு. வெள்ளி, செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகியவற்றை ஆயிரம் ஆண்டு வாரி வழங்கிய பின்னர், 1988-ஆம் ஆண்டில் அச்சுரங்கம் மூடப்பட்டது. 1992-இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனையும் பழைய நகரையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்ததே நம் கவனத்திற்கு உரியது. கனிவளம் தீர்ந்த சுரங்கத்தால் யாருக்கு என்ன பயன்? இடித்துவிட்டால் செலவு மிச்சம். அவ்வாறு நேராதவண்ணம் அங்கே உழைத்தவர்களும் ஊர் மக்களும் ஒன்றுகூடிக் குரல் எழுப்பினர். அதன் பயனாக இன்று அது ஓர் அருங்காட்சியகம். சிறு இரயிலில் ஏறிக் குன்றின் வயிற்றுக்குள் சென்றோம். நீரை வெளியேற்ற 12-ஆம் நூற்றாண்டில் குடைந்த வழியும், நிலத்தின் அடியில் சுழன்ற மாபெரும் நீர்ச்சக்கரங்களும் காணத்தக்கவை. எங்கள் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. தொழிலாளர் உடை மாற்றும் கூடத்தில், சுரங்க உடைகள் சங்கிலிகளில் கட்டிக் கூரைக்கு இழுக்கப்பட்டுத் தொங்குகின்றன. உடைக்குரியவர்கள் இப்பொழுதுதான் குளித்துவிட்டு வீடு சென்றார்களோ என்று தோன்றும். போர்க்காலத்தில் அயல்நாட்டாரை வலிந்து கொணர்ந்து அங்கே வேலை வாங்கிய செய்தியையும் அக்காட்சியகம் மறைக்கவில்லை.

இதுவரை கண்ட ஊர்கள் முன்னாள் மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்தவை. கோஸ்லாருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் சென்றதும், 1949 முதல் 1990 வரை இரு நாடுகளாகப் பிரிந்திருந்த மண்ணின் எல்லையைக் கடந்தோம். ஒரு காலத்தில் உயிரைப் பணயம் வைத்தாலன்றிக் கடக்க முடியாத அக்கோட்டை, எங்கள் கார் வேகத்தைக் குறைக்காமலே கடந்தது.

கிழக்குப் பகுதியில் முதலில் தங்கிய ஊர் குவெட்லின்பர்க். முதலாம் ஹென்றி மன்னன் 936-ஆம் ஆண்டில் இங்கே அடக்கம் செய்யப்பெற்றான். அவ்வாண்டே அவன் மனைவி மத்தில்டாவும் மகன் ஒட்டோவும் குன்றின்மேல் மகளிர் துறவுமடம் ஒன்றை நிறுவினர். குன்றின் கீழே, பல நூற்றாண்டுகளைச் சேர்ந்த மரச்சட்டக வீடுகள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை தெருத்தெருவாக நிற்கின்றன. மரச்சட்டங்களின் இடையே மண்ணும் வைக்கோலும் பிசைந்து அடைத்த சுவர்கள்; மேல்மாடிகள் தெருவை எட்டிப் பார்ப்பனபோல் முன்துருத்தி நிற்கும். 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீடு ஒன்றும் இன்றுவரை நிமிர்ந்து நிற்பதைக் கண்டோம்.

கிழக்கு ஜெர்மனி ஆட்சியில் இவ்வீடுகளைப் பழுது பார்க்கப் பொருள் இல்லை. பல வீடுகள் சிதைந்தன. சில பகுதிகள் இடிக்கப்பட்டன. 1989-ஆம் ஆண்டின் மக்கள் எழுச்சி வந்திராவிடில் இன்னும் பல தெருக்கள் மறைந்திருக்கும். 1994-இல் இந்நகரும் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

குன்றின்மேல் உள்ள ஆலயத்திற்கு மற்றொரு வரலாறும் உண்டு. ஹிட்லரின் கறுப்புச் சட்டைப் படைத் தலைவன் ஹிம்லர், ஹென்றி மன்னனைத் தன் கொள்கைக்கு முன்னோடி ஆக்க விரும்பி, வழிபட வந்த மக்களை வெளியேற்றிவிட்டு அவ்வாலயத்தைக் கைப்பற்றிக் கொண்டான். பழம்பெருமையைத் தீயோர் கைக்கொண்டால் அதுவும் ஒரு படைக்கலம் ஆகிவிடும். இவ்வுண்மையை அங்கே வருவோர்க்கு ஒளிக்காமல் சொல்லுகின்றனர்.

மறுநாள் மலையை ஊடறுத்துத் தெற்கே சென்றோம். வழியெங்கும் பசுங்காடு இருக்கும் என்று எண்ணியிருந்த எங்களுக்குச் சாம்பல் நிற மரங்கள் சரிவுகளில் காய்ந்து நின்றது வியப்பளித்தது. 2018 முதல் தொடர்ந்த வறட்சியாலும், மரப்பட்டையைத் துளைக்கும் வண்டுகளாலும் ஊசியிலை மரங்கள் பெருமளவில் மடிந்துவிட்டன. பட்ட மரங்களின் அடியில் இளங்கன்றுகள் தலைதூக்குவதையும் கண்டோம்.

மலைக்குத் தெற்கே உள்ள நோர்ட்ஹௌசன் நகரை அடையுமுன் எங்கள் குடும்பத்தில் ஒரு விவாதம் எழுந்தது. அந்நகரின் அருகேதான் மிட்டெல்பௌ-டோரா என்னும் முன்னாள் சிறைமுகாம் உள்ளது. "விடுமுறையில் குழந்தைகளுக்கு இது வேண்டுமா?" என்றான் மகன். "இராக்கெட்டைப் பற்றிப் படிக்கின்ற பிள்ளை, அது எங்கே பிறந்தது என்றும் அறிய வேண்டாமா?" என்றாள் மருமகள். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. முடிவில் பேத்தியோடு பாட்டியும் மருமகளும் நகரில் தங்க, பேரனைத் தந்தையும் தாத்தாவும் அழைத்துச் சென்றனர்.

1943-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிறுவப்பட்ட முகாம் அது. எதிரியின் விமானங்களுக்குத் தப்பி 'வி-2' ஏவுகணைகளைச் செய்வதற்காக, கைதிகளைக்கொண்டு மலையைக் குடைந்து தொழிற்சாலை அமைத்தனர். தொடக்க மாதங்களில் கைதிகள் உறங்கியதும் அச்சுரங்கத்திலேயே. பகலவன் ஒளியை அவர்கள் கண்டது அரிது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலிருந்து கொணரப்பட்ட ஏறத்தாழ 60,000 பேருள், மூவரில் ஒருவர் மடிந்தனர். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்தபோதுதான் அக்கொடுமை முடிவுற்றது.

குளிர்ந்த அச்சுரங்கத்தில் துருவேறிய ஏவுகணைப் பகுதிகள் இன்றும் கிடக்கின்றன. "இராக்கெட்டை வடிவமைத்தவர்களுக்கு இது தெரியாதா?" என்று பேரன் கேட்டான். தெரியும். அதன் தலைமை அறிஞர் வெர்னர் வான் பிரௌன் இச்சுரங்கத் தொழிற்சாலைக்கு வந்து சென்றவர். போருக்குப்பின் அவர் அமெரிக்கா சென்றார். 1969-இல் மனிதனை நிலவுக்குக் கொண்டுசென்ற இராக்கெட்டும் அவர் தலைமையில் உருவானதே. இவ்விரண்டையும் சேர்த்தே சொன்னோம். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் அது வரலாறு ஆகாது. அன்று மாலை முழுவதும் பேரன் பேசவில்லை. இரவு உணவின்போது, "என்னை அழைத்துச் சென்றது நல்லது" என்று மட்டும் தன் தாயிடம் சொன்னான். தொழிற்சாலையை நம்பி வாழும் குடும்பங்களாகிய நாம் அனைவரும் அறியவேண்டிய இடம் அது. இயந்திரத்திற்கு நெஞ்சம் இல்லை. அதனை இயக்குவோரிடம் அது இருத்தல் வேண்டும்.

அடுத்து, கிழக்கே செல்லும் சாலையில் ஐஸ்லேபன் என்னும் சிற்றூர். செம்புச் சுரங்கங்களின் கழிவுக் குவியல்கள் அவ்வூரைச் சூழ எகிப்தியக் கூர்நுனிக் கோபுரங்கள்போல் நிற்கின்றன. சமயச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் 1483-இல் இங்கே பிறந்தார்; 1546-இல் இங்கேயே மறைந்தார். அவர் பிறந்த வீடு 1689-இல் எரிந்தபோது, ஊரார் அதனை 1693-இல் திரும்பக் கட்டினர். நினைவகமாக மட்டும் விடாமல் ஏழைக் குழந்தைகளின் பள்ளியாகவும் ஆக்கினர். காப்பதும் கற்பிப்பதும் ஒன்றே என்று கருதிய ஊர் அது.

அன்பர்களே, அதற்கு அடுத்த நகராகிய ஹாலேயில்தான் நாங்கள் எதிர்பாராத உறவினரைக் கண்டோம். ஔகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்னும் பாதிரியார் ஆதரவற்ற குழந்தைகளுக்காக அங்கே நிறுவிய இல்லமும் பள்ளிகளும் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தவை. அந்நகரில் பயின்ற சீகன்பால்கு, டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்டு 1706-ஆம் ஆண்டில் நம் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். மணலில் எழுதித் தமிழ் கற்கும் சிறுவரோடு அமர்ந்து தாமும் தமிழ் கற்றார் என்பர். ஹாலேயில் வார்த்த தமிழ் அச்செழுத்துக்கள் 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்தன. 1714-இல் அவர் தாயகம் சென்றபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரும் உடன் சென்றார். இலத்தீன் மொழியில் சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலேயில் அச்சேறியது.

நம் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதிய நூலின் கதை வேறு. சமயம் பரப்பச் சென்றவர் பிறர் சமயத்தை விரித்து எழுதுவதை அங்குள்ளோர் விரும்பவில்லை. அந்நூல் 1867-இல், அதுவும் சென்னையில்தான் அச்சாயிற்று. ஆயினும் கையெழுத்துப்படியை அவர்கள் எரித்துவிடவில்லை. ஏற்காததையும் காத்து வைத்தனர். அதனால் அது நமக்கும் உலகுக்கும் எஞ்சியது.

இவ்வில்லத்திற்கும் அழிவு நெருங்கியது. 1946-இல் அந்நிறுவனம் கலைக்கப்பட்டது. பிந்திய பல்லாண்டுகளில் கட்டடங்கள் பாழடைந்தன. ஜெர்மனி ஒன்றுபட்ட பின்னரே நிறுவனம் மீண்டும் உயிர்பெற்றது; கட்டடங்கள் ஒவ்வொன்றாகச் சீர்பெற்றன. மேல்மாடியில் உள்ள பழைய காட்சிக்கூடத்தில், பல நாட்டு எழுத்துக்களிடையே பனையோலைச் சுவடிகளையும் கண்டோம். எங்கள் பேத்தி அந்நாட்டில் வளர்பவள். வாரம் ஒருமுறை தமிழ் படிக்க அவளை அமர்த்துவதற்கு வீட்டில் ஒரு போராட்டமே நடக்கும். கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றவள், "இது 'க', இது 'ம'" என்றாள். பிறகு, "இதை ஏன் இவர்கள் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டாள். எங்களால் உடனே விடை சொல்ல இயலவில்லை. 'நாம் எத்தனை வைத்திருக்கிறோம்?' என்ற எதிர்வினா எங்கள் உள்ளத்தில் எழுந்துவிட்டது.

திரும்பும் வழியில் ஹோட்டன்ஸ்லேபன் என்னும் எல்லையோரச் சிற்றூரில் இறங்கினோம். கிழக்கு ஜெர்மனி அரசு தன் மக்கள் வெளியேறாவண்ணம் வீடுகளின் பக்கத்திலேயே எழுப்பிய மதிலும், காவற்கோபுரமும், நடுவே வெற்று நிலமும் அங்கே ஏறத்தாழ 350 மீட்டர் நீளத்திற்கு அப்படியே உள்ளன. 1989-இல் எல்லை திறந்ததும் நாடெங்கும் இத்தகைய மதில்களை மக்கள் மகிழ்ச்சியோடு தகர்த்தனர். யார்தான் தகர்க்க விரும்பார்? அந்த ஆரவாரத்தின் நடுவே, 'இதனைச் சிறிதேனும் விட்டுவைப்போம். நம் பேரக்குழந்தைகள் நம்பமாட்டார்கள்' என்று எண்ணிய சிலரும் இருந்தனர். 1990 ஜனவரி 12-ஆம் நாளே அப்பகுதி பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. இன்று மதிலின் அடியில் புல் முளைத்திருக்கின்றது. எங்கள் பேரக்குழந்தைகள் மதிலின் இப்புறமும் அப்புறமும் ஓடிப் பார்த்தனர்.

சங்கத்து அன்பர்களே! நாம் இவ்வூருக்கு வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. தொடக்கக் காலத்தில் வந்த பெரியோர் பலர் மறைந்தனர். அவர்களுடைய கடிதங்களும் நிழற்படங்களும், பழைய ஆண்டு மலர்களும், நாடக அறிக்கைகளும் இன்று எந்தப் பரணில் உள்ளன? வீடு மாற்றும்போது பழைய காகிதத்தோடு எடைக்குப் போனவை எத்தனை? ஹார்ஸ் மலைச் சுரங்கத் தொழிலாளர் தங்கள் உடைகளைக்கூடக் காத்தனர். நம் தந்தையரின் முதல் அடையாள அட்டையையேனும் நாம் காக்க வேண்டாமா?

இன்னொன்றும் சொல்லுதல் எங்கள் கடமை. காப்பது என்று தொடங்கினால் இனியவற்றை மட்டும் காத்தல் முறையாகாது. இவ்வாலைக்கும் குடியிருப்புக்குமாகத் தம் ஊரையும் வயலையும் விட்டு எழுந்த ஆதிவாசி மக்களின் கதையும் இந்நகரின் கதையே. 1964-ஆம் ஆண்டு இங்கே நிகழ்ந்த வகுப்புக் கலவரமும் அவ்வாறே. அவற்றை ஒதுக்கிவிட்டு நம் உழைப்பின் பெருமையை மட்டும் எழுதினால், நம் பேரக்குழந்தைகள் ஒரு நாள் கேட்பார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். சங்கத்தின் நூலகத்தில் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்குங்கள். ஒவ்வொரு வீட்டாரும் ஒரு படமோ, ஒரு கடிதமோ கொணர்ந்து, அதில் உள்ளவர் யார், ஆண்டு எது என்று பின்புறம் எழுதித் தாருங்கள். முதியோர் சொல்வதை இளைஞர்கள் கேட்டு எழுதுங்கள். அண்டையில் வாழும் ஒடியா மக்களிடமும் ஆதிவாசிப் பெரியோரிடமும் சென்று கேளுங்கள். பெரும்பொருள் வேண்டியதில்லை. ஐந்து நாள் பயணத்தில் நாங்கள் அறிந்தமட்டில், மனம் கொண்ட சிலர் போதும்.

எங்கள் வீட்டிலிருந்து முதற்படம் வரும்.